ரெட்டைக் கன்றில் ஒரு கிடாரி

தொப்பூர்,
18.8.2025

உயர்திரு அர்ச்சுனன் அவர்களுக்கு,

பானுமதி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரரும் நலம். அங்கு கோகிலவாணி அண்ணியின் நலம் அறிய ஆவல். தங்கள் நலத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்ளவும். கடிதம் என்றால் கேட்கத்தான் வேண்டும்.

மூன்று வருடம் முன்பு, அம்மாவின் முதல் திதியில், உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் நீங்களும் நானும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம். இனி அண்ணனும் தங்கையும் ஒருவரோடொருவர் வாய் திறந்து பேசுவதில்லை என்று. அதை நான் மீறவில்லை. எழுதினால் பேச்சில் சேருமா என்று எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கேட்டுவிட்டேன். வாய் திறக்காத வரை குற்றமில்லை என்றார். போனில் வாய் திறக்கணும். வாட்ஸ்அப்பில் போட்டால் உங்கள் போனை யார் யார் எடுத்துப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கவர்.

விஷயம் செல்லியைப் பற்றியது. நான் கயிறு போட்டு ஓட்டிவந்த கிடாரிக்கு வைத்த பெயர் அது. நிலமெல்லாம் உங்களுக்கு, செவலை மாடு அடுத்து ஈனும் கன்று பானுவுக்கு என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு மேல் நான் ஒரு பிடி மண் கேட்டேனா? செவலை ரெட்டைக் கன்று போட்டது. ஒன்று காளை, ஒன்று கிடாரி. ரெட்டையென்றால் பங்கு உள்ளவர்தான் முதலில் கயிறு போட வேண்டும், அது நம் வழக்கம். அந்தத் திதியன்று நான் கிடாரி மேல் போட்டேன். நீங்கள் அந்தக் கயிற்றைப் பிடுங்கிக் காளைக்கன்று மேல் போட்டு, "இத ஓட்டிக்கிட்டுப் போ" என்றீர்கள். எல்லோரும் சாப்பிட்ட கையோடு வேடிக்கை பார்த்தார்கள். நானும் விடாமல் கிடாரியையே பிடுங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். நான் மறக்கவில்லை என்று தெரியட்டும் என்பதற்காக எழுதுகிறேன், சண்டைக்காக இல்லை.

செல்லிக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. ஒரு தடவைகூடப் பருவத்துக்கு வரவில்லை. எங்கள் டீக்கடைக்கு வீட்டுப் பாலே ஊற்றலாம் என்று நானும் இவரும் போட்ட கணக்கெல்லாம் அப்படியே நிற்கிறது. செவலை இப்படித் தள்ளிப்போட்டபோது அம்மா ஏதோ முளைகட்டிக் கொடுப்பாளே, அது கம்பா, கொண்டைக்கடலையா? எவ்வளவு? அதை மட்டும் எழுதினால் போதும்.

பதில் தேவை. பாசம் தேவையில்லை.

இப்படிக்கு,
கு. பானுமதி


பாப்பாரப்பட்டி,
25.8.2025

உயர்திருமதி பானுமதி குமார் அவர்கள் சமூகத்துக்கு,

அர்ச்சுனன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. "தங்கள்" என்று போட்டிருந்ததால் இது வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்துத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். உன் அண்ணிதான் கையெழுத்தைப் பார்த்துப் பிடுங்கினாள்.

அம்மா கொடுத்தது கம்பு. முளைகட்டிய கம்பு இரண்டு கை, ஒரு கட்டி வெல்லம், ஒரு பிடி கருவேப்பிலை. விடியற்காலை வெறும் வயிற்றில். கொடுத்துப் பார்.

நீ வேண்டாமென்று விட்டுப்போன காளைக்கன்றைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். பெயர் கரியன். "காளைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, பாலா கறக்க முடியும்?" என்று கேட்டாயே, இப்போது சுற்றுவட்டாரத்துப் பசுக்காரர்கள் எல்லாம் அவனைத் தேடி என் வாசலில் நிற்கிறார்கள். கூடப் பிறந்தவன் எப்படி ஆகிவிட்டான் என்று நீ பார்க்க வேண்டும். கழுத்து எது, தோள் எது என்று தெரியாது. திமில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. தலை குட்டையாக, அகலமாக. முன்னுடம்பு அத்தனையும் அவனுக்கு. பசுவுக்கு நேர்மாறு, முன்னால் ஒடிசலாக இருந்து பின்னால் போகப்போக அகலும், இடுப்பு விரிந்து கன்றுக்கும் மடிக்கும் இடம் விடும். என் தோள் துண்டை வைத்து அளந்து பார்த்தேன். செவலையின் நெஞ்சைச் சுற்றி முடிச்சுப் போட்டபிறகும் முனை மிச்சம் இருக்கிறது. கரியனுக்குச் சுற்றினால் இரண்டு முனையும் ஒன்றையொன்று எட்டவே இல்லை.

நீ செல்லிக்குத் துண்டு போட்டுப் பார். மாப்பிள்ளையின் துண்டும் என்னுடையதும் ஒரே நீளம்தான், போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு ஒரே கடையில் எடுத்தது. அப்புறம், கழுத்து எப்படி, கொம்பு எப்படி, மடிக்காம்பு எப்படி, எல்லாம் பார்த்து எழுது. மறக்காதே.

பாசம் வைக்கவில்லை. கவரில் இடமில்லை.

அர்ச்சுனன்


தொப்பூர்,
9.9.2025

அர்ச்சுனன் அவர்களுக்கு,

கம்பு கொடுத்தேன். வெல்லத்தை மட்டும் நக்கிவிட்டுக் கம்பை மூஞ்சியால் தள்ளிவிடுகிறாள். அண்ணனைப் போலவே இனிப்பைக் கண்டால் விடுவதில்லை. உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அண்ணி எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

துண்டு போட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

இரண்டு தடவை போட்டேன். இவரைப் பிடிக்கச் சொல்லி இழுத்தும் போட்டேன். ஒரு சாண் குறைகிறது.

நீங்கள் கேட்டதால் அவளை நிறுத்தி வைத்து முழுசாகப் பார்த்தேன். தினம் பார்க்கிற முகம் என்பதால் எனக்கு இதுவரை உறைக்கவில்லை போலிருக்கிறது. கழுத்து தடிமன். கொம்பு அடியில் என் மணிக்கட்டைவிடப் பருமன். முன்னங்கால் உலக்கை மாதிரி இருக்கிறது. மடி என்று சொல்ல ஒன்றும் இல்லை, காம்பு நாலும் பிறந்தபோது எப்படியோ அப்படியே இருக்கிறது. கத்தினால் மலைப்பாதையில் லாரி ஹாரன் அடிப்பதாக நினைத்துக் கடையில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு கன்னடக்கார டிரைவர் டீ குடித்துக்கொண்டே, "அம்மா, இந்த எத்து உழவுக்குப் பழகியிருக்கா, ஜோடி எங்கே?" என்று கேட்டார். எத்து என்றால் அவர்கள் பேச்சில் எருது. பசுவய்யா என்றேன். சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

அது போகட்டும். பக்கத்துக் கொட்டாய் பசு மேல் தாவுகிறாள். பசு பசு மேல் தாவுவது எப்போதாவது உண்டுதான், ஆனால் இவள் கொஞ்சம் அதிகம். மண்ணை முன்னங்காலால் வாரி முதுகில் போட்டுக்கொள்கிறாள்.

இவர் பொங்கல் வரைக்கும் பார்ப்போம் என்கிறார். அதற்கும் ஆகாவிட்டால் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்கிறார். கன்று போடாத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள் என்று உனக்குத் தெரியாதா? கறிக்கு ஏற்றுகிற லாரி இந்த வழியாகத்தான் போகிறது. கடையில் உட்கார்ந்து தினம் பார்க்கிறேன். இவர் அதைச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காம்பையும் கொம்பையும் ஏன் கேட்டாய்?

பானுமதி


பாப்பாரப்பட்டி,
15.9.2025

பானு,

செல்லியைச் சந்தைக்கு ஓட்டக்கூடாது. மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். உங்களால் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் ஒரு வரி எழுது, நானே வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

அதற்கு முன்னால் மாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடு. ரெட்டையில் பிறந்தவள், கூடப் பிறந்தது காளை என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்காதே.

கரியன் நலம். அண்ணி வடகம் பிழிந்திருக்கிறாள். பஸ் கண்டக்டர் தமிழ்ச்செல்வனிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்.

அர்ச்சுனன்


தொப்பூர்,
26.9.2025

அர்ச்சுனன் அவர்களுக்கு,

வடகம் வந்தது. திருப்பி அனுப்பலாம் என்று நினைத்தேன். அண்ணி பிழிந்தது என்பதால் வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா செல்லியைச் சோதித்துப் பார்த்தார்கள். ரெட்டை என்று சொன்னதுமே அவர்கள் முகம் மாறிவிட்டது. காளையும் கிடாரியும் ஒரே வயிற்றில் சேர்ந்து வளர்ந்தால் இரண்டின் ரத்தமும் கலந்துவிடுமாம். காளைக்கன்றுக்கு அதனால் பெரிய சேதமில்லையாம். கிடாரிக்குத்தான் கருப்பை சரியாக உருவாகாதாம். உடம்பு மட்டும் காளை மாதிரி ஓங்கி வளரும். பத்து ரெட்டையில் ஒன்பது கிடாரி இப்படித்தானாம். செல்லிக்குக் கன்று பிறக்காது. முளைகட்டிய கம்பு என்ன, பொன்னையே முளைகட்டிக் கொடுத்தாலும் பிறக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்போது எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. துண்டு போட்டுப் பார் என்றாய். காம்பைப் பார் என்றாய். டாக்டரிடம் ரெட்டை என்று சொல் என்றாய். மாடு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேரிடம் கேட்டேன், ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. உனக்கு முன்பே தெரியும்.

அதோடு நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்து நீ எதைக் கையில் பிடித்தாலும் எனக்கு அதுதான் வேண்டும். உனக்கு அது நன்றாகத் தெரியும். கிடாரிக்குச் சண்டை போடுவது போல நடித்தால் நான் கிடாரியைத்தான் பிடுங்கிக்கொண்டு ஓடுவேன் என்று திட்டம் போட்டுச் செய்திருக்கிறாய். நானும் ஏமாந்து, ஜெயித்துவிட்டதாக நினைத்துக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்! அங்கே கரியனுக்கு வாசலில் கூட்டம், இங்கே எனக்கு இது.

ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கே உனக்குத் தெரியுமா, தெரியாதா? கதை வேண்டாம். ஒரு வார்த்தை எழுது.

பானுமதி


பாப்பாரப்பட்டி,
3.10.2025

பானுவுக்கு,

தெரியும்.

அர்ச்சுனன்

அன்புள்ள பானு,

உன் அண்ணி எழுதுவது. நீ ஒரு வார்த்தை கேட்டாய், உங்கண்ணன் ஒரு வார்த்தை எழுதிக் கவரை ஒட்டிவிட்டார். பசை காய்வதற்குள் நான் பிரித்துவிட்டேன். அண்ணனும் தங்கையும் ஆளுக்கு ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் ஓட்டிவிடுவீர்கள், உங்கள் ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா?

கன்றுகள் பிறந்த அன்றைக்கே டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காளைக்கன்று பிழைத்துக்கொள்வான், கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றே இவர் முடிவு பண்ணிவிட்டார். பானுவுக்கு அந்தக் கிடாரி போகக்கூடாது, அதை நாம் வைத்துக்கொள்வோம், இப்போதைக்குக் காளையைக் கொடுத்துவிட்டு, செவலை அடுத்துப் போடுகிற கிடாரியையும் அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

நீ அன்றைக்கு நேராகக் கிடாரி மேல் கயிறு போட்டுவிட்டாய். நான் இவர் காதில், "உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன். இவர் பந்தியைப் பார்த்தார். உன் மாமியார் வீட்டுக்காரர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம்தான் உன் மாமியார் ஒரு வளைகாப்பில் எல்லோர் முன்னாலும் உன்னை அந்த வார்த்தை சொன்னதும், நீ அழுதுகொண்டு இங்கே வந்து படுத்ததும். நீ மறந்திருக்க மாட்டாய், இவரும் மறக்கவில்லை. "அந்த வார்த்தய இந்தக் கூட்டத்துல, எந்தங்கச்சிய முன்னால வெச்சிக்கிட்டு, மாட்டச் சொல்றதாவே இருக்கட்டும், எவ்வாயால சொல்ல மாட்டேன். பேராசக்காரன்னு பேர் வந்தா வந்துட்டுப் போவுது" என்றார். அப்புறம்தான் கயிற்றைப் பிடுங்கினார்.

பேரும் வந்தது. இன்றுவரைக்கும் ஊரில் அதைச் சொல்லிக் கேலி பண்ணுகிறார்கள்.

பிறகாவது சொல்லியிருக்கலாம் என்று நீ கேட்பாய். நீதான் சத்தியம் பண்ணிவிட்டுப் போய்விட்டாயே. மாப்பிள்ளையிடம் சொன்னால் அவர் மூலமாக அந்த வார்த்தை உன்னிடம் வந்துவிடும் என்று பயந்தார், என்னையும் சொல்லக்கூடாது என்று தடுத்துவிட்டார். பத்தில் ஒன்று தப்பும் என்று டாக்டர் சொன்னதை நம்பிக்கொண்டு இருந்தார். உன் முதல் கடிதம் வந்த அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இன்னொன்று. செவலை அதற்கடுத்த ஈத்தில் ஒரு கிடாரி போட்டது. அது உன்னுடையது. உன் பெயரைச் சொல்லித்தான் இவர் அதற்குத் தீவனம் போடுகிறார். போன மாதம் பருவத்துக்கு வந்தது. கரியனை அந்தப் பக்கமே விடவில்லை, ஒரு வயிற்றுப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று அடுத்த ஊர்க் காளைக்கு ஓட்டிக்கொண்டு போனார். "எம் மச்சான் வூட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் இத்தன அலஞ்சதில்ல" என்று புலம்பிக்கொண்டே போனார்.

நான் எழுதியது இவருக்குத் தெரியாது. கவரை மறுபடியும் ஒட்டிவிட்டேன்.

அன்புடன்,
கோகிலவாணி


தொப்பூர்,
12.12.2025

அண்ணா,

இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன். முதலில் அழுகை வந்தது, பிறகு உன் மேல் கோபம் வந்தது, பிறகு கயிற்றைப் பிடுங்கும்போது நீ வைத்திருந்த முகம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. நடிக்கத் தெரியாத ஆள் நீ. அன்றைக்கு எப்படி நம்பினேனோ!

நல்ல சேதி ஒன்று இருக்கிறது. செல்லி சந்தைக்குப் போகவில்லை. இனி போகவும் மாட்டாள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பக்கத்துக் கொட்டாய் கண்ணம்மாளிடம் ஒரு ஜெர்சி கலப்புப் பசு. பருவத்துக்கு வந்தால் கத்தாது, ஒழுக்கும் காட்டாது, ஊமையாகவே வந்து ஊமையாகவே போய்விடும். ஊசி போட ஆள் வருவதற்குள் காலம் தப்பிவிடும். ஒருநாள் செல்லி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அந்தப் பசு பக்கத்தில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றாள். மேலே தாவினாள். பசுவும் நகராமல் நின்றது. கண்ணம்மாள் புத்திசாலி, செல்லியை விரட்டாமல் ஊசிக்காரருக்குப் போன் போட்டாள். இப்போது அந்தப் பசு சினை. அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருக்கிற எல்லோரும் காலையில் தங்கள் பசுக்களைச் செல்லி முன்னால் ஓட்டி நிறுத்துகிறார்கள். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள் என்றால் இல்லை. மூக்கைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள் என்றால் உண்டு. ஒரு தடவையும் தப்பவில்லை. காளையின் மூக்கும் காளையின் புத்தியும் இருக்கிறது, சினை பிடிக்க வைக்கிற சங்கதி மட்டும் இல்லை. அதனால் பயமில்லாமல் எந்தப் பசுவோடும் விடலாம் என்கிறார் டாக்டரம்மா.

ஆளாளுக்குத் தவிடும் புண்ணாக்கும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சந்தைக்கு ஓட்டலாம் என்ற மனிதர் இப்போது, "எங்க செல்லி சொன்னாச் சொன்னதுதான்" என்று கடையில் டீ ஆற்றிக்கொண்டே பெருமை பேசுகிறார். கேட்க எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது, ஆனந்தமாகவும் இருக்கிறது.

அண்ணா, அந்த வார்த்தையைப் பற்றி. கல்யாணமான நாளிலிருந்து யார் யாரோ சொல்லிக் கேட்டுவிட்டேன். முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னாலும் சொல்லியிருக்கிறார்கள். எனக்காக அதைச் சொல்லாமல் ஒருத்தர் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருடம் உன்னைப் பேராசைக்காரன் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

சத்தியத்தை என்ன செய்வது? பூசாரி வெளியூர் போயிருக்கிறார்.

உன் தங்கை,
பானு


பாப்பாரப்பட்டி,
20.12.2025

அன்புள்ள பானுவுக்கு,

ஒட்டின கவரை உன் அண்ணி பிரித்தது எனக்கு அன்றைக்கே தெரியும். இரண்டாவது தடவை சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள்.

செல்லியின் உத்தியோகத்தைக் கேட்டுக் கரியனிடம் போய்ச் சொன்னேன். ஒரே வயிற்றில் கிடந்தவர்கள் தொழிலையும் பங்கு போட்டுக்கொண்டார்கள் பார். அவள் கண்டுபிடிப்பாள், அவன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வான்.

கஷ்டப்படுகிற மாதிரி எழுதாதே. உன் கடிதத்தில் திட்டு இல்லையென்றால் எனக்கு உடம்பு ஏதோ பண்ணுகிறது.

உன் சின்னக் கிடாரி சினை நின்றுவிட்டது. உறுதி பண்ணிவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் ஏற்றிக்கொண்டு வருகிறேன். கடை ரோட்டோரம்தானே, நான் பாட்டுக்கு ஓர் ஓரமாக நின்று இறக்கிவிட்டுப் போகிறேன். வாயைத் திறக்க மாட்டேன். நீயும் திறக்காதே. பூசாரி வரட்டும்.

அர்ச்சுனன்


தொப்பூர்,
11.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து உன் மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்தவில்லை. வருகிற போகிற டிரைவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதிய மனிதன், வண்டியை விட்டு இறங்கி நேராகச் செல்லியிடம் போய், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏஞ் செல்லி, உங்கம்மா ஏன் இப்பிடி எளச்சிப் போயிட்டா, நேரத்துக்குச் சாப்புடறதில்லயா?" என்று கேட்டாயே! நானும் விடவில்லை. "செல்லி, உம் மாமங்கிட்டக் கேளு, சக்கரைக்கு மாத்தர போடறாரா, இல்ல வெல்லத்த நக்கிக்கிட்டுக் கெடக்கறாரா" என்றேன். எவ்வளவு நேரம் அப்படியே நடந்தது! நீ அவள் கொம்பைப் பார்த்துப் பேச, நான் அவள் வாலைப் பார்த்துப் பேச, நடுவில் அவள் பாவம் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள். டீயில் சர்க்கரை போடாததைக்கூட நீ அவளிடம்தான் புகார் பண்ணினாய்.

உம் மாமன் என்று வாயில் வந்துவிட்டது. வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது.

அப்புறம் வண்டிக்குப் போய், அண்ணி மடியில் வைத்துக்கொண்டு வந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்தாய். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கழுத்துமணி. அதற்கு மேல் மடித்து வைத்த சிவப்புத் துண்டு. "தாய்மாமஞ் சீருடி செல்லி, வாங்கிக்க" என்றாய். துண்டைப் பிரித்து அவள் நெஞ்சைச் சுற்றிப் போட்டாய். சுற்றி வந்து, முடிச்சு விழுந்து, முனை மிச்சமும் தொங்கியது. கடையில் எடுத்தது இல்லை, நெசவுக்காரரிடம் சொல்லி நீளமாக நெய்து வாங்கினது என்று அண்ணி எனக்குப் பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் நான் அடுப்பைப் பார்ப்பது போல உள்ளே போனது புகைக்காக இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

எனக்குச் சீர் கொண்டுவர ஒரு நாளும் உனக்கு வாய்க்காது என்று என் மாமியார் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் நேற்றுக் கடையில்தான் இருந்தார்கள். பார்த்தார்கள்.

சின்னக் கிடாரி புது இடம் என்று மிரளவே இல்லை. செல்லி பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. செல்லி அவள் வயிற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். சினை உறுதி.

பூசாரி இன்று காலையில் வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டிடம் பேசினது சத்தியத்தில் சேராது என்றார். அணைத்த கற்பூரத்தை யாராவது ஒருத்தர் மறுபடியும் ஏற்றினால் தீர்ந்தது என்றார். ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாட்டுப் பொங்கலுக்கு நீயும் அண்ணியும் இங்கே வந்துவிட வேண்டும். கரியனை யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் பதில் எழுத உட்காராதே, போன் போடு. என் நம்பர் மாறவில்லை. எடுத்ததும் நீதான் முதலில் பேச வேண்டும். என்ன வார்த்தை வேண்டுமானாலும் பேசு அண்ணா, ஒன்றும் ஆகாது.

செல்லியின் அம்மா,
உன் தங்கை பானு